வல்லினம் மிகும் திருடன்

"திருடன் எதையும் எடுத்துட்டுப் போகலை. அதான் எனக்குப் பயமா இருக்கு," என்றார் லிஃப்ட்காரர்.

வக்கீல் தலையை ஆட்டிக்கொண்டார். சட்டம் படித்தவர்தான், ஆனால் ஒருநாளும் கறுப்புக் கோட்டு மாட்டி நீதிமன்றப் படி ஏறியதில்லை. படித்த கையோடு துப்பறியும் தொழிலுக்கு வந்துவிட்டார். பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. அவருடைய உதவியாளருக்குப் பட்டாசு என்று பெயர். வாயைத் திறந்தால் வெடிப்பாள் என்று பள்ளிக்கூடத்தில் யாரோ வைத்தது. இப்போது விசிட்டிங் கார்டிலேயே அப்படித்தான் அச்சடித்து வைத்திருந்தாள்.

"எதையும் எடுக்காத திருடனா?" என்றாள் பட்டாசு. "எங்க தெருவுக்குக் கொஞ்சம் அனுப்பி வைங்க சார். அங்க வர்றவனுங்க வாசல்ல கிடக்கற செருப்பைக்கூட விடறதில்லை."

லிஃப்ட்காரர் சிரிக்கவில்லை. ஆயுள் முழுக்க அடுக்குமாடிக் கட்டடங்களின் லிஃப்டுகளைப் பழுது பார்த்து ஓய்வு பெற்றவர் அவர். வீட்டின் பின்னறைதான் இப்போது அவருடைய உலகம். மேசை மேல் சால்டரிங் கருவி புகைந்துகொண்டிருந்தது. சுவரோரம் பிஸ்கட் டப்பாக்கள். ஒவ்வொன்றிலும் ஒரு வகைச் சில்லறைச் சாமான். சோப்பு டப்பாவுக்குள் அடங்கிய ஒரு ரேடியோ மெல்லிய குரலில் பாடியது. ஜன்னலுக்கு வெளியே, தயிர் டப்பாவை வெட்டிச் செய்த காற்றுமானி சுற்றிக்கொண்டிருந்தது. நடுநாயகமாக ஒரு கம்ப்யூட்டர். யாரோ குப்பையில் போட்டதைத் தூக்கிவந்து உயிர் கொடுத்து, உலகத்தில் பலர் சேர்ந்து எழுதி எல்லோருக்குமாகத் திறந்து வைத்த மென்பொருள்களை மட்டுமே அதில் ஓட்டிக்கொண்டிருந்தார்.

"இதுதான் விஷயம்," என்று ஒரு வெள்ளைப் பெட்டியை நகர்த்தி வைத்தார். "மாத்திரைப் பெட்டி. வேளை வந்தா சத்தம் போடும். அந்த வேளைக்கான அறை மட்டும் திறக்கும். மேல் வீட்டு டீச்சரம்மாவுக்குக் கண் சரியா தெரியாது, இதயத்துக்கு மாத்திரை சாப்பிடறாங்க. அவங்களுக்காகத்தான் முதல்ல செஞ்சேன். அப்புறம் வரைபடம், உள்ள ஓடற புரோகிராம் எல்லாத்தையும் இணையத்துல போட்டுட்டேன். யாரு வேணும்னாலும் எடுத்துச் செஞ்சுக்கலாம். எந்தெந்த ஊர்லயோ செஞ்சு வெச்சிருக்காங்க. நான் புதுசா எழுதிப் போட்டா அந்தப் பெட்டியெல்லாம் தானே இழுத்துக்கும்."

"எல்லாரும் எடுத்துக்கலாம்னா திருட என்ன சார் இருக்கு? வாசக்கதவையே கழட்டி வெச்சுட்டுப் பூட்டைக் காணோம்னு தேடற மாதிரி இருக்கே!"

"எடுத்துக்கலாம்மா. ஆனா என் பேர்ல எழுதக் கூடாது." கம்ப்யூட்டர் திரையை அவர்கள் பக்கம் திருப்பினார். "இங்க பாருங்க."

திரையில் இரண்டு பத்திகள். பழைய புரோகிராம் ஒரு பக்கம், புதியது மறு பக்கம். நீக்கிய வரி சிவப்பில், சேர்த்த வரி பச்சையில். யார் எப்போது மாற்றினார்கள் என்பதையும் அது சேமித்து வைத்திருந்தது.

"தேவையில்லாத ஒரு வரியை நான் எடுத்துடறேன். மறுநாள் பார்த்தா அது திரும்ப உட்கார்ந்திருக்கு. மறுபடி எடுக்கறேன், மறுபடி வருது. மாத்தினது யாருன்னு பார்த்தா என் பேரே இருக்கு! யாரோ என் நாற்காலியில உட்கார்ந்து, என் கம்ப்யூட்டர்ல, நானா நடிக்கறாங்க."

"எந்த நேரத்துல நடக்குது?" என்று கேட்டார் வக்கீல்.

"எப்பவும் மத்தியானம். நான் தூங்கற நேரம். பிரஷருக்குன்னு டாக்டர் புதுசா ஒரு மாத்திரை குடுத்திருக்கார், சாப்பிட்டதும் கண்ணைச் சொக்கும்."

"அறைக்கு யாரு வர்றாங்கன்னு கண்டுபிடிக்க ஏதாவது வெச்சீங்களா?"

"வெக்காம இருப்பேனா? கதவுல ஒரு பொறி செஞ்சு மாட்டியிருக்கேன். வேத்தாள் நுழைஞ்சா ஊரையே கூட்டும். வீட்டு ஆளுங்க சாவிக்கொத்துல ஒரு வில்லை இருக்கும், அது கிட்ட வந்தா சும்மா இருக்கும். என்கிட்ட ஒண்ணு, அவகிட்ட ஒண்ணு. இதுவரைக்கும் ஒரு தடவைகூட அது கத்தலை."

"அப்ப வீட்டம்மா…" என்று இழுத்தாள் பட்டாசு.

"அவளா!" லிஃப்ட்காரர் முதல் தடவையாகச் சிரித்தார். "டிவி ரிமோட்ல பேட்டரி மாத்தவே என்னைத்தாம்மா கூப்பிடுவா."

பேச்சில் அடிபட்டவரே தேநீர்த் தட்டோடு உள்ளே வந்தார். கக்கத்தில் மடித்த செய்தித்தாள். கொண்டையில் ஒரு சிவப்புப் பேனா செருகியிருந்தது. தட்டை வைக்க இடமில்லாமல் சாமான்களைப் புறங்கையால் ஒதுக்கினார்.

"இந்தக் குப்பையை என்னைக்குத்தான் ஏறக்கட்டுவீங்களோ. ஏங்க, நேரமாச்சு. மாத்திரை போட்டாச்சுல்ல, கொஞ்சம் படுங்களேன். இவங்க இருக்கட்டும், நான் பேசிக்கிட்டு இருக்கேன்."

"இன்னைக்கா? திருடனைப் பிடிக்க ஆள் வந்திருக்காங்க, நான் குறட்டை விடவா? இன்னைக்குத் தூங்கவே போறதில்லை. காலையிலதான் புதுசா எழுதி வெளிய விட்டிருக்கேன். டீச்சரம்மா பெட்டியிலயும் போட்டாச்சு. இதையாவது அவன் தொடறானா பார்ப்போம்."

வீட்டம்மா தட்டை மேசையில் வைத்துவிட்டு, கணவரின் முகத்தைப் பார்க்காமல் வெளியே போனார்.

"யாரு மேலயாவது சந்தேகம் இருக்கா?" என்றார் வக்கீல்.

"தெருக்கோடியில உதிரிபாகக் கடை வெச்சிருக்கானே, அவன் மேலதான். இந்தப் பெட்டியை அவன் பேர்ல செஞ்சு விக்கலாமான்னு ஒரு தடவை கேட்டான். முடியாதுன்னேன். அன்னையிலிருந்து என்னைப் பார்த்தா ஒரு மாதிரிச் சிரிக்கறான்."

வக்கீல் திரையைத் தன் ஃபோனில் படம் எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

*

படி இறங்கும்போது வக்கீல் அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டு வந்தார். ஒரு படியைத் தவறவிட்டுக் கைப்பிடியைப் பற்றிக்கொண்டார்.

"சார், விழுந்து வெச்சீங்கன்னா கேஸை நான் தனியா முடிக்கணும். எனக்கு அந்தக் கம்ப்யூட்டரைப் பார்த்தாலே கொட்டாவி வருது."

"பட்டாசு, உனக்குத் தமிழ் நல்லா எழுத வருமா?"

"பேச வரும். எழுதினா எங்க டீச்சர் அழுவாங்க."

"இதைப் படி. புரோகிராம்ல ஒவ்வொரு வரி பக்கத்துலயும், அது எதுக்குன்னு ஒரு குறிப்பு எழுதி வெச்சிருக்கார் பார். இது பெரியவர் நீக்கினது, சிவப்புல இருக்கு."

பட்டாசு சத்தமாகப் படித்தாள். "'மாத்திரை கொடுத்ததை குறித்து கொள்.'"

"இப்ப திருடன் திரும்பப் போட்டது. பச்சையில இருக்கு."

"'மாத்திரை கொடுத்ததைக் குறித்துக் கொள்.' அதேதானே சார்?"

"இன்னொரு தடவை படி. கொடுத்ததை-க்-குறித்து-க்-கொள். ரெண்டு க் கூட இருக்கு."

பட்டாசு ஃபோனை மூக்குக்கு அருகே கொண்டுபோனாள். "அட ஆமா! அப்ப நம்ம ஆள் வீடு புகுந்து, நாற்காலியில உட்கார்ந்து, ஒரு வரியைப் போட்டதும் இல்லாம, சந்திப் பிழையையும் திருத்திட்டுப் போறானா?"

"வல்லினம் எங்க மிகும்னு தெரிஞ்ச திருடன்."

"சார், இந்த மாதிரி ஆளைப் பிடிச்சா ஜெயில்ல போடக் கூடாது. நம்ம ஆபீஸ்ல லெட்டர் அடிக்க வெச்சுக்கணும்."

உதிரிபாகக் கடை ஒரு ஆள் பக்கவாட்டில் நுழையும் அகலம்தான். சுவர் முழுக்கச் சின்னச் சின்ன இழுப்பறைகள். கடைக்காரர் ஒரு செல்ஃபோனின் வயிற்றைத் திறந்து வைத்துக்கொண்டு, நெற்றியில் விளக்குக் கட்டி உட்கார்ந்திருந்தார். வந்த விஷயத்தைப் பட்டாசு சொல்லி முடிப்பதற்குள் வக்கீலின் கண் கல்லா மேல் தொங்கிய அட்டைப் பலகைக்குப் போய்விட்டது. கடைக்காரரின் கையெழுத்து. 'பழைய பேட்டரி இங்கே போட கூடாது.'

'போட' என்ற சொல்லுக்கும் 'கூடாது' என்ற சொல்லுக்கும் நடுவே, அச்சகத்தில் பிழை திருத்துபவர்கள் போடுவதுபோல் கீழிருந்து மேலே ஒரு சிறிய கூரைக்குறி போட்டு, அதன் தலையில் யாரோ அழகாக ஒரு 'க்' எழுதியிருந்தார்கள். சிவப்பு மையில்.

"இந்தப் பலகை நீங்க எழுதினதா?"

"ஆமா. ஏன், புரியலையா?"

"நல்லாவே புரியுது. திருடன் நீங்க இல்லைன்னும் புரியுது. அந்தக் க் யாரு போட்டது?"

கடைக்காரர் நெற்றி விளக்கை அணைத்துவிட்டு அண்ணாந்து பார்த்தார். "அதுவா! ஒரு அம்மா வருவாங்க. வந்த அன்னைக்கே அதைப் பார்த்துட்டு, 'தம்பி, ஒரு ஸ்டூல் குடு'ன்னாங்க. விளக்கு மாட்டத்தான் கேக்கறாங்களோன்னு குடுத்தேன். ஏறி எழுதிட்டு இறங்கிட்டாங்க."

"எதுக்கு வருவாங்க?"

அவர் குரலைத் தாழ்த்தினார். "சொல்லக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க. ஆனா நீங்க என்னையே திருடன்னு வந்து நிக்கறீங்க. லிஃப்ட்காரர் இருக்காரே, அவர் வந்து ஒரு பஸ்ஸர், அதான் சத்தம் போடற சாமான், வாங்கிட்டுப் போவார். மறுநாள் வந்து, முதல் தடவை வாங்கற மாதிரி அதே பஸ்ஸரைக் கேப்பார். அதுக்கடுத்த நாளும் அப்படித்தான். அந்தம்மா பின்னாடியே வந்து எல்லாத்தையும் திருப்பிக் குடுத்துட்டுப் போவாங்க. அவர் வீட்டம்மாதான். அவரைப் பார்க்கறப்ப எனக்கு என்ன சொல்றதுன்னு தெரியாம சும்மா சிரிச்சு வெப்பேன்."

வக்கீல் வந்த வழியே திரும்பினார். பட்டாசு பின்னாலேயே ஓடினாள்.

*

கதவைத் திறந்த வீட்டம்மா அவர்கள் முகத்தைப் பார்த்ததுமே சமையலறைப் பக்கம் கை காட்டினார். பின்னறையிலிருந்து ரேடியோச் சத்தமும், லிஃப்ட்காரர் எதையோ ராவும் சத்தமும் கேட்டன.

"அச்சாபீஸ்ல வேலை பார்த்தீங்களாம்மா?" என்றார் வக்கீல்.

"பிழை திருத்தற வேலை. கண்ணாடி போட்ட நாள்ல இருந்து ஓய்வு பெறற நாள் வரைக்கும்."

"கடைப் பலகையில க் போட்டது…"

"கண்ணை உறுத்திச்சு," என்றார் வீட்டம்மா, குற்றத்தை ஒப்புக்கொள்கிற குரலில்.

அடுப்படி மேடையைத் துடைத்துக்கொண்டே பேசினார். துடைத்த இடத்தையே திரும்பத் திரும்பத் துடைத்தார். லிஃப்ட்காரருக்குப் பிரஷர் மாத்திரை என்று தருவது பிரஷர் மாத்திரை அல்ல. டாக்டர் அவரை வெளியே உட்காரவைத்துவிட்டு இந்த அம்மாவிடம் மட்டும் சொன்னார்: மறதி இது, சாதாரண மறதி இல்லை, கூடிக்கொண்டேதான் போகும், திரும்பாது. அவரிடம் நீங்களே பக்குவமாகச் சொல்லிவிடுங்கள் என்றார். சொல்லலாம் சொல்லலாம் என்று வீடு வந்து சேர்ந்தார்கள். இன்னும் சொல்லவில்லை.

"ஆனா புரோகிராம் எழுத எங்க கத்துக்கிட்டீங்க ஆன்ட்டி?" என்றாள் பட்டாசு.

"எனக்கு அதுல ஒரு எழுத்தும் புரியாதும்மா. பிழை திருத்தறவளுக்கு விஷயம் புரியணும்னு இல்லை. மூலத்தையும் புதுசையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு, எங்க விட்டுப் போயிருக்குன்னு பார்க்கத் தெரிஞ்சா போதும். பழசு அவர் நல்லா இருந்தப்ப எழுதினது. எல்லாரும் பாராட்டினது. அவர் தூங்கினதும் போய், விட்டுப்போன வரியை அப்படியே திரும்பப் போட்டுடுவேன். கம்ப்யூட்டரை அவர் மூடறதே இல்லையா, எது எங்க இருக்குன்னு அவர் தோள் மேல எட்டிப் பார்த்தே தெரிஞ்சுக்கிட்டேன்." அவர் மூச்சை இழுத்துவிட்டார். "ஆனா அந்தப் பழைய வரியிலயே சந்திப் பிழை இருந்துது. கை சும்மா இருக்குமா?"

"கம்ப்யூட்டரையே எடுத்து ஒளிச்சு வெச்சுட்டா?" என்றார் வக்கீல்.

"காலையில அவர் எழுந்திரிக்கிறதே அதுக்காகத்தான். அதையும் பிடுங்கிட்டா எதுக்கு எழுந்திரிப்பார்?"

வக்கீலைப் பொறுத்தவரை கேஸ் முடிந்துவிட்டது. யார், எப்படி, எப்போது எல்லாம் கையில் இருந்தன. இதைக் கொண்டுபோய் எங்கே வைப்பது என்பதுதான் தெரியவில்லை. பின்னறையில் இருப்பவர் அவருடைய கட்சிக்காரர். உண்மையைக் கேட்டுத்தான் கூப்பிட்டிருந்தார்.

"அந்த வரி என்ன செய்யும்?" என்று கேட்டார் வக்கீல், பேச்சை வேறு பக்கம் தள்ளும் நினைப்பில்.

"மாத்திரை குடுத்தாச்சுன்னு பெட்டி குறிச்சு வெச்சுக்குமாம். கரண்ட் போயிட்டு வந்தா, அதைப் பார்த்துட்டுச் சும்மா இருக்கும். அந்த வரி இல்லைன்னா பெட்டிக்குக் குடுத்ததே தெரியாது. மறுபடி கதவைத் திறந்துடும். முன்னாடி ஒரு நாள் அவரே எனக்குச் சொல்லிக் குடுத்தார்."

அவர் துடைப்பதை நிறுத்தினார். வக்கீலும் நிமிர்ந்தார். இருவருக்கும் ஒரே நேரத்தில் உறைத்தது. காலையில் லிஃப்ட்காரர் புதிதாக எழுதி மேல் வீட்டுப் பெட்டியில் போட்டிருக்கிறார். மத்தியானம் அவர் தூங்கவில்லை. தூங்கவிடாமல் செய்தது திருடனைப் பிடிக்க வந்த இவர்கள்தான்.

பட்டாசு அதற்குள் படியில் இருந்தாள்.

மேல் வீட்டுக் கதவு வெறுமனே சாத்தியிருந்தது. டீச்சரம்மா நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். ஒரு கையில் தண்ணீர் டம்ளர். மற்றக் கையை உதட்டுக்குக் கொண்டுபோய்க்கொண்டிருந்தார்.

"டீச்சர், வேண்டாம்!"

டீச்சரம்மா திடுக்கிட்டதில் தண்ணீர் மடியில் கொட்டியது. பட்டாசு அவர் விரல்களைப் பிரித்து மாத்திரையை எடுத்தாள். பெட்டி இன்னும் கீகீ என்று கத்திக்கொண்டிருந்தது. ஒரு அறை திறந்து கிடந்தது.

"யாரும்மா நீ? ரேடியோ கேக்கலாம்னு பெட்டியோட பிளக்கைப் பிடுங்கினேன். திரும்ப மாட்டினேன், உடனே கூப்பிடுது. இப்பத்தானே ஒண்ணு போட்டேன்னு எனக்கும் சந்தேகம்தான். ஆனா வயசாச்சு பாரு, எனக்குத்தான் மறந்திருக்கும்னு நினைச்சேன். அவர் செஞ்ச பெட்டி தப்பு பண்ணாதே."

பின்னால் மூச்சிரைக்க வந்து நின்ற வீட்டம்மா நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டார். வக்கீல் பெட்டியின் இணைப்பைப் பிடுங்கினார். கத்தல் நின்றது.

பட்டாசு உள்ளங்கையில் இருந்த மாத்திரையைப் பார்த்துக்கொண்டே மெதுவாகச் சொன்னாள். "சார், இது மேல் மாடி. ஓடி வந்துட்டோம். மத்த ஊர்ல இருக்கற பெட்டிக்கெல்லாம் எந்த மாடி ஏறறது?"

*

லிஃப்ட்காரரிடம் வக்கீல்தான் சொன்னார். நீட்டி முழக்காமல் சொன்னார். சொல்லி முடிக்கும்வரை லிஃப்ட்காரர் கையில் இருந்த அரத்தைக் கீழே வைக்கவில்லை.

"பொய்," என்றார். மனைவியைப் பார்த்தார். "நீயா? என் நாற்காலியிலயா? எதுவும் தெரியாம எதைத் தொட்டுக் கெடுத்தே?"

"கெடுக்கலைங்க…"

"பேசாதே! வக்கீல் சார், உட்காருங்க. வரி வரியாப் படிக்கறேன். தப்பு எங்கேன்னு நீங்களே சொல்லுங்க."

அவர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, ஆட்காட்டி விரலைத் திரையில் வைத்துப் படித்தார். குரல் கணீரென்று இருந்தது. எந்தப் படிக்கட்டில் எதற்காகக் கால் வைக்கிறோம் என்று தெரிந்தவனின் குரல். "மணி பார்க்கறேன். வேளை வந்தாச்சா? வந்தாச்சு. ஏற்கெனவே குடுத்தாச்சான்னு பார்க்கறேன். குடுக்கலை. சரி, அறையைத் திறக்கறேன். சத்தம் போடறேன். எடுத்துட்டாங்க. சத்தத்தை நிறுத்தறேன். குடுத்ததைக் குறிச்சு…"

விரல் நின்றது. ஒரு வரி மேலே போனது. கீழே வந்தது. மறுபடி மேலே போனது.

"குறிச்சு வெக்கணுமே. இல்லைன்னா கரண்ட் போனா…" அவர் திரும்பிப் பார்த்தார். "இங்க ஒரு வரி இருக்கணும். இங்க இருந்த வரியை யாரு எடுத்தது?"

திரையின் ஓரத்தில், சிவப்பு வரிக்குப் பக்கத்தில், எடுத்தவர் பெயர் இருந்தது. அவர் அதைப் படித்தார்.

வெளியே காற்றுமானி கிரீச்சிட்டுச் சுற்றியது. லிஃப்ட்காரர் அரத்தை மேசையில் வைத்தார்.

"டீச்சரம்மா?"

"நல்லா இருக்காங்க. சாப்பிடறதுக்குள்ள போயிட்டோம்," என்றார் வக்கீல்.

"எவ்வளவு நாளாடி?"

"போன மழைக்கு முன்னாடியிருந்து," என்றார் வீட்டம்மா. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"அந்த மாத்திரை பிரஷருக்கு இல்லையா?"

அவர் இல்லையென்று தலையாட்டினார்.

லிஃப்ட்காரர் நாற்காலியை ஒதுக்கி, பக்கத்தில் ஸ்டூலைக் காட்டினார். "வா, உட்காரு. விட்ட வரியைப் போடு. நீ போடறதை நான் பார்க்கணும்."

வீட்டம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஒற்றை விரலால் தட்டினார். பச்சை வரி ஒன்று திரையில் வந்து உட்கார்ந்தது. லிஃப்ட்காரர் அதை உரக்கப் படித்தார். "கொடுத்ததைக் குறித்துக் கொள். க் நல்லாத்தான் இருக்கு." அனுப்பு என்றார். அனுப்பினார்கள். பெட்டிகள் இனிமேல் இதை இழுத்துக்கொள்ளும். காலையிலிருந்து இதுவரைக்கும் எந்த ஊரில் எந்த வீட்டில் யார் பிளக்கைப் பிடுங்கி மாட்டினார்களோ, அதை இந்த அறையில் இருந்த நான்கு பேரில் யாராலும் தெரிந்துகொள்ள முடியாது.

"இது போதாது," என்றார் லிஃப்ட்காரர். "ஒரு லிஃப்டுல சந்தேகம் வந்தா முதல்ல ஆளை ஏத்தறதை நிறுத்துவோம். அப்புறம்தான் மத்தது. நாளைக்கு நான் மறுபடி அந்த வரியை எடுப்பேன். எடுக்கறப்ப எனக்கு அது சரின்னுதான் தோணும். அதனால இனிமே நான் எழுதறது நேரா வெளிய போகக் கூடாது. இவ பார்த்துச் சரின்னு சொன்னாத்தான் போகணும். அதுக்கு இதுல ஏற்பாடு இருக்கு. பொறுப்பை இவ பேருக்கு மாத்தறேன்."

பட்டாசின் முகம் மலர்ந்தது. வக்கீலுக்கும் உள்ளே எதுவோ இளகியது. மனுஷன் எவ்வளவு பெரிய அடியை எவ்வளவு நேராக வாங்கிக்கொண்டார் என்று நினைத்தார்.

லிஃப்ட்காரர் இரண்டு மூன்று இடத்தில் தட்டினார். திரையில் ஒரு வெள்ளைக் கட்டம் வந்தது. 'பொறுப்பை மாற்ற, உங்கள் கடவுச்சொல்லை மீண்டும் உள்ளிடவும்.'

அவர் விரல்கள் விசைப்பலகை மேல் நின்றன.

தட்டினார். தவறு என்றது. விரலைச் சொடுக்கிவிட்டு வேறொன்று தட்டினார். அதுவும் தவறு.

"எங்கயாவது எழுதி வெச்சிருக்கீங்களா சார்?" என்றாள் பட்டாசு.

"கடவுச்சொல்லை எழுதி வெக்கறவன் முட்டாள்னு எல்லாருக்கும் பாடம் எடுத்தவன்மா நான்."

"கல்யாண நாள், பிறந்த நாள், அந்த மாதிரி?"

"சே, அதெல்லாம் வெப்பேனா? யாராலயும் கண்டுபிடிக்க முடியாததா வெச்சேன்."

"அந்த யாராலயும்ல நீங்களும் சேர்ந்துட்டீங்களே சார்," என்று பழக்க தோஷத்தில் வெடித்துவிட்டாள் பட்டாசு. சொன்ன அடுத்த நொடி உதட்டைக் கடித்துக்கொண்டு சுவரைப் பார்த்துத் திரும்பினாள்.

லிஃப்ட்காரர் கோபப்படவில்லை. "ஆமாம்மா," என்றார்.

மறந்துவிட்டதா என்று கேட்ட இடத்தை வக்கீல் சுட்டிக்காட்டினார். அதை அழுத்தினால் புதிய கடவுச்சொல் ஒரு மின்னஞ்சல் முகவரிக்குப் போகும். அந்த முகவரி அவர் வேலை பார்த்த கம்பெனி கொடுத்தது. ஓய்வு பெற்றதும் கம்பெனி அதை மூடிவிட்டது. வீட்டம்மா ஒன்று சொன்னார், அதைப் போட்டுப் பார்த்தார்கள். கடைசியில் திரை, முயற்சிகள் மிகுதி, சிறிது காலம் கழித்து வரவும் என்று சொல்லி அந்தக் கட்டத்தையே எடுத்துக்கொண்டது. கம்ப்யூட்டர் அவரை எப்போதும்போல் எழுத மட்டும் விட்டது. என்ன வேண்டுமானாலும் எழுதி அனுப்பலாம். அந்த உரிமையை விட்டுக்கொடுக்க மட்டும் முடியாது.

வக்கீல் தன் தொழிலில் எத்தனையோ பூட்டைத் திறந்திருக்கிறார். இந்தப் பூட்டுக்குச் சாவி எதிரே உட்கார்ந்திருந்தவரின் தலைக்குள் இருந்தது. அங்கே போய்த் தேட அவருக்கு வழியில்லை.

"சரி விடுங்க," என்று எழுந்தார் லிஃப்ட்காரர். மனைவியின் தோளில் கையை வைத்து ஊன்றிக்கொண்டார். "நாளைக்கு மத்தியானம் நான் எப்பவும்போலத் தூங்குவேன். நீ எப்பவும்போல வா. வர முடியற வரைக்கும் வா."

வீட்டம்மா அந்தக் கையின் மேல் தன் கையை வைத்துக்கொண்டார்.

வாசல் வரைக்கும் லிஃப்ட்காரரே வந்து வழியனுப்பினார். பட்டாசு செருப்பு மாட்டுவதில் மும்முரமாக இருப்பதுபோல் குனிந்தே இருந்தாள்.

"வக்கீல் சார், ஒரு உதவி. நான் மறுபடி உங்க ஆபீசுக்கு வருவேன். வந்து, யாரோ என் நாற்காலியில உட்கார்றான்னு சொல்லுவேன். அப்ப இதெல்லாம் திரும்பச் சொல்லாதீங்க. இன்னைக்கு ஒரு தடவை கேட்டது போதும். அவளையும் நான் இன்னொரு தடவை திட்ட வேண்டாம்."

"என்ன சொல்லட்டும்?"

"தேடிக்கிட்டு இருக்கோம்னு சொல்லுங்க. எங்க, இப்பவே ஒரு தடவை சொல்லுங்க பார்ப்போம்."

வக்கீல் தொண்டையைச் செருமிக்கொண்டார். "தேடிக்கிட்டு இருக்கோம் சார்."

லிஃப்ட்காரர் அவர் முகத்தை உற்றுப் பார்த்தார். "ம்ஹூம். பொய்னு தெரியுது. இன்னொரு தடவை."

"தேடிக்கிட்டு இருக்கோம் சார்," என்றார் வக்கீல். "சீக்கிரமே பிடிச்சுடுவோம்."